தொண்டையைப் பார்த்தே ஸ்ட்ரெப் என்று சொல்லிவிட முடியுமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. 2 நாளாகக் காய்ச்சல், எச்சில் விழுங்கினால்கூட வலிக்கும் தொண்டை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். டான்சிலில் வெள்ளை படிந்திருக்கிறது, பாக்டீரியாதான் என்று சொல்லி அசித்ரோமைசின் 3 நாளுக்கு எழுதினார். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் அக்கா, ஸ்ட்ரெப் (குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா) டெஸ்ட் எடுக்காமல் ஆண்டிபயாடிக் கொடுக்காதே என்கிறார். நீங்கள் லேபில் போய் ஸ்ட்ரெப் டெஸ்ட் என்று கேட்டீர்கள். அவர்கள் ரத்தம் எடுத்து ஏ.எஸ்.ஓ. என்ற எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து 320 என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். மருந்தை இன்னும் தொடங்கவில்லை. கடைசி வரியில் நீங்கள் கேட்டது, 320 அதிகமா, இதயத்தைப் பாதிக்குமா என்று. அதற்கு ஒரு வரியில் பதில் உண்டு: இன்றைய தொண்டை வலியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. இது ஸ்ட்ரெப்பா இல்லையா என்பதை எதை வைத்து, எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? டார்ச், ஸ்வாப் (தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பது), ரத்தம் மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை குழப்பமும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத செய்திகள். குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. பள்ளி வயதுக் குழந்தைகளில் 100 பேர் தொண்டை வலியோடு வந்தால் 20 முதல் 30 பேருக்குத்தான் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணம். 5 முதல் 15 வயது வரை இது அதிகம். 3 வயதுக்குக் கீழே அரிது. ஆக, உங்கள் மகன் வயதில் சந்தேகப்படுவது நியாயமே. ஸ்ட்ரெப் தொண்டையே கூட மருந்து இல்லாமலும் 3 முதல் 5 நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆண்டிபயாடிக் கொடுத்தால் வலி ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகக் குறையும், அவ்வளவுதான். பிறகு ஏன் இத்தனை மெனக்கெடுகிறோம் என்றால், கவனிக்காமல் விட்ட ஒரு சிலருக்கு 2, 3 வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். இந்தியாவில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. டான்சிலைச் சுற்றிச் சீழ்க்கட்டி வருவதைத் தடுப்பதும், வீட்டிலும் வகுப்பிலும் பரவாமல் பார்த்துக்கொள்வதும் மற்ற காரணங்கள்.

இனி டார்ச். தொண்டையைப் பார்த்து மட்டும் ஸ்ட்ரெப் என்று உறுதி சொல்ல எந்த அனுபவசாலியாலும் முடியாது. இது உங்கள் டாக்டரைக் குறை சொல்வதல்ல. சிவந்த தொண்டை, வீங்கிய டான்சில், அதன்மேல் வெள்ளைப் படிவு என இந்த மூன்றையும் அடினோ வைரஸும் அப்படியே செய்து காட்டும். சுரப்பிக் காய்ச்சலைத் தரும் எப்ஸ்டீன் பார் வைரஸ் இன்னும் கெட்டியாகவே படிய வைக்கும். ராபர்ட் சென்டார் 1981இல் பெரியவர்களுக்காக ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். 1998இல் கனடாவின் மெக்ஐசக் அதில் வயதையும் சேர்த்தார். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கிற நெறிகட்டி, டான்சில் வீக்கம் அல்லது படிவு, 3 முதல் 14 வரையான வயது: ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். இதில் 4, 5 வாங்கிய குழந்தைகளிலேயே ஸ்ட்ரெப் இருப்பது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். முழு மதிப்பெண் வாங்கினாலும் பூவா தலையா கதைதான். 3 வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு. 0, 1 என்றால் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே.

ஆனால் இதே முறை மறுபக்கம் நன்றாக வேலை செய்கிறது. ஸ்ட்ரெப் என்று உறுதி செய்யத்தான் கண்ணும் டார்ச்சும் போதாது. ஸ்ட்ரெப் இல்லை என்று ஒதுக்க அவை மிகவும் உதவும். நீங்கள் எழுதாமல் விட்டதும் இதுதான்: பையனுக்கு மூக்கு ஒழுகுகிறதா? இருமல் உண்டா? குரல் கம்மியிருக்கிறதா? கண் சிவந்து நீர் வடிகிறதா? வாய்க்குள் புண் இருக்கிறதா? வயிற்றுப்போக்கு உண்டா? இவற்றில் இரண்டு இருந்தால் வைரஸ் என்றே வைத்துக்கொண்டு, எந்த டெஸ்டும் எடுக்காமல் 2 நாள் பார்க்கலாம். அண்ணத்தின் பின்பகுதியிலும் உள்நாக்கு ஓரத்திலும் சிறு சிறு கொப்புளப் புண், கூடவே உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் என்றால் அது கை, கால், வாய் நோய். நம் ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். அதற்கு ஆண்டிபயாடிக்கால் பயன் இல்லை. மாறாக, காலையில் நன்றாக இருந்த குழந்தை மாலையில் திடீரென்று காய்ச்சலில் விழுந்து, தலைவலி, வயிற்றுவலி, ஒன்றிரண்டு வாந்தி, விழுங்கினால் வலி, ஆனால் சளி இருமல் துளியும் இல்லை என்றால் அது ஸ்ட்ரெப் சாயல். வயிற்றுவலியும் வாந்தியும் இருப்பதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து வாய்க்குள் பார்க்காமலே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

வீட்டில் பார்ப்பதென்றால் போன் ஃபிளாஷில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எந்தத் தொண்டையும் சிவப்பாகத்தான் தெரியும். நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தை வைத்து நானும் ஒன்றும் சொல்ல முடியாது. ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, வாயைத் திறந்து ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லச் சொன்னாலே 6 வயதுக் குழந்தைக்குப் போதுமான அளவு தெரியும். பால் குடித்த உடனே பார்த்தால் டான்சிலில் ஒட்டிய பாலாடை படிவு மாதிரி இருக்கும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுப் பாருங்கள். டான்சில் குழிக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் உருண்டை வெறும் உணவுத் துணுக்குச் சேர்க்கை. அதற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பில்லை. அண்ணத்தின் பின்பகுதியில் ஊசியால் குத்தியது போலச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது ஸ்ட்ரெப் பக்கம் தராசைச் சாய்க்கும் அடையாளம். அதைவிட வலுவானது தோலில் வரும் ஸ்கார்லெட் காய்ச்சல் தடிப்பு. வெள்ளைத் தோலுக்கு எழுதிய புத்தகங்கள் அதைச் செக்கச் செவேல் என்று வர்ணிக்கும். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது, கண்ணைவிடக் கைதான் கண்டுபிடிக்கும். மார்பிலும் வயிற்றிலும் உள்ளங்கையை வைத்துத் தடவினால் உப்புத்தாளைத் தடவியது போல நறநறவென்று இருக்கும். முழங்கை மடிப்பிலும் அக்குளிலும் கருஞ்சிவப்புக் கோடு ஓடும். நாக்கு முதலில் வெள்ளை பூத்து, 3, 4 நாளில் உரிந்து, ஸ்ட்ராபெர்ரி போலப் புடைத்த சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். மே மாதத்தில் வேர்க்குருவும் கைக்கு அப்படித்தான் தட்டுப்படும் என்பதால் காய்ச்சலையும் தொண்டையையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. தாடை வளையும் இடத்துக்குக் கீழே, முன்பக்கம், அழுத்தினால் குழந்தை முகம் சுளிக்கிற கட்டிதான் கணக்கு. பட்டாணி அளவில் வலியில்லாத நெறிகட்டிகள் பாதிக் குழந்தைகளுக்கு எப்போதும் இருக்கும். பின்கழுத்தில் வரிசையாக இருந்தால் முதலில் தலையில் பேன், பொடுகு, புண் இருக்கிறதா என்று பாருங்கள். பின்கழுத்து நெறி, ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், அடித்துப் போட்டது போன்ற சோர்வு மூன்றும் சேர்ந்தால் சுரப்பிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். அதில் பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். அதைப் பார்த்துவிட்டு குழந்தைக்குப் பென்சிலின் அலர்ஜி என்று ஃபைலில் எழுதிவிடுவார்கள். பிற்பாடு உண்மையிலேயே ஸ்ட்ரெப் வரும்போது சரியான மருந்து கையைவிட்டுப் போய்விடும்.

இப்போது உங்கள் அக்கா சொன்ன டெஸ்ட். அது ரத்தப் பரிசோதனை இல்லை, தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுப்பது. ஸ்வாப்பைக் கரைசலில் முக்கும்போது கிருமியின் மேலுறையில் உள்ள குரூப் ஏ சர்க்கரைப் பொருள் பிரிந்து வரும். அட்டையில் இருக்கும் எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக் கோடாகக் காட்டும். 5 முதல் 10 நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். கோவிட் அட்டை மாதிரியேதான்: ‘சி’ கோடு வரவில்லை என்றால் அந்த அட்டையே செல்லாது, பெட்டியில் போட்டிருக்கும் நேரம் தாண்டித் தெரியும் மங்கல் கோட்டையும் கணக்கில் எடுக்கக்கூடாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஸ்ட்ரெப் உள்ள 100 குழந்தைகளில் சுமார் 86 பேரை இது பிடிக்கிறது; இல்லாத 100 பேரில் சுமார் 95 பேருக்குச் சரியாக இல்லை என்கிறது. ஆகவே பாசிட்டிவ் வந்தால் மருந்தைத் தொடங்கலாம். நெகட்டிவ் வந்தால், குழந்தை விஷயத்தில், கல்ச்சர் வைத்து உறுதி செய்துகொள்வது அமெரிக்க வழக்கம். பி.சி.ஆர். முறையில் வேலை செய்யும் புதிய கருவிகள் இன்னும் நுட்பமானவை. அவை கிடைக்கும் இடத்தில் பெரும்பாலும் கல்ச்சர் தேவைப்படாது.

கல்ச்சர் என்றால் ஸ்வாப்பை ரத்தம் கலந்த ஊடகத் தட்டில் தேய்த்து, 35 முதல் 37 டிகிரியில் வைத்து வளர்ப்பது. குண்டூசித் தலை அளவில் கிருமித் திட்டு, அதைச் சுற்றி ரத்தம் கரைந்து கண்ணாடி போலத் தெளிந்த வளையம் என்பதுதான் அடையாளம். பிறகு பேசிட்ராசின் வில்லை வைத்தோ பி.ஒய்.ஆர். என்ற வேதிச் சோதனையாலோ குரூப் ஏ தானா என்று பார்ப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் 100க்கு 90 முதல் 95 வரை பிடிக்கும். ஒழுங்காக என்றால் இரண்டு விஷயம். தட்டில் செம்மறியாட்டு ரத்தம் இருக்க வேண்டும்; சில லேப்களில் ரத்த வங்கியில் மீந்த மனித ரத்தத்தைக் கலந்துவிடுவார்கள், அதில் வளையம் சரியாகத் தெளியாமல் போகலாம். அடுத்தது, 24 மணி நேரத்தில் ஒன்றும் வளரவில்லை என்றால் தட்டைத் தூக்கிப் போடாமல் 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

எந்த டெஸ்டும் ஸ்வாப் எடுக்கும் கையைத் தாண்டி உயராது. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். குழந்தையை உங்கள் மடியில், முதுகு உங்கள் மார்பில் சாயும்படி உட்கார வையுங்கள். ஒரு கை அவன் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்திருக்கட்டும், இன்னொரு கை நெற்றியைப் பிடித்துத் தலையை உங்கள் தோளில் சாய்த்து வைக்கட்டும். எடுப்பவர் நாக்கை அழுத்திக்கொண்டு, ஒரு பக்க டான்சில், மறுபக்க டான்சில், நடுவே தொண்டையின் பின்சுவர் என மூன்று இடத்திலும் அழுத்தித் தேய்த்து, நாக்கிலோ கன்னத்திலோ உதட்டிலோ படாமல் வெளியே எடுக்க வேண்டும். நன்றாக எடுத்தால் குழந்தைக்கு ஓங்கரிப்பு வரும். 3 விநாடி வேலை. அழுகிறானே என்று நாக்கு நுனியில் தொட்டு எடுத்த ஸ்வாப் நெகட்டிவாக வந்தால் அதற்குக் காசு கொடுத்ததுதான் மிச்சம். கல்ச்சருக்கு என்றால் ஆண்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே எடுத்தாக வேண்டும். ஒரு நாள் மருந்து உள்ளே போயிருந்தாலும் கிருமி வளராமல் போகலாம். எடுப்பதற்குச் சற்றுமுன் கிருமிநாசினி போட்டு வாய் கொப்பளிக்கவும் வேண்டாம்.

சரி, டெஸ்ட் இவ்வளவு நல்லது என்றால் தொண்டை வலிக்கிற எல்லாருக்கும் எடுத்துவிடலாமே? கூடாது. எந்த நோயும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருக்கும் பள்ளிக் குழந்தைகளில் ஏறக்குறைய 12 சதவீதம் பேர் தொண்டையில் இந்தக் கிருமி சும்மா குடியிருக்கிறது. அவர்களுக்கு அதனால் தீங்கில்லை, மற்றவர்களுக்குப் பரப்புவதும் மிகக் குறைவு. சளி, இருமல், மூக்கொழுகல் என்று வரும் 100 குழந்தைகளுக்குத் தொண்டையில் குச்சி விட்டால் அதில் பத்துப் பேருக்காவது பாசிட்டிவ் வரும். வந்த காய்ச்சலோ வைரஸ் காய்ச்சல். டெஸ்ட் பொய் சொல்லவில்லை. கிருமி இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது. காய்ச்சலுக்கு அதுதான் காரணமா என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் வைரஸ் அடையாளம் உள்ள குழந்தைக்கும், 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் வழக்கமாக டெஸ்ட் எடுப்பதில்லை. மூத்த பிள்ளைக்கு ஸ்ட்ரெப் உறுதியாகியிருந்தால் மட்டும் சின்னக் குழந்தைக்கு விதிவிலக்கு. மருந்து முடிந்தபின் ‘போய்விட்டதா’ என்று மறுபடி டெஸ்ட் எடுப்பதும், நன்றாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு எடுப்பதும் இதே காரணத்தால் தேவையில்லை. வருடத்தில் ஆறு தடவை பாசிட்டிவ் என்று வருகிற குழந்தைக்கு, நன்றாக இருக்கும்போது ஒருமுறை ஸ்வாப் எடுத்தால் குட்டு வெளிப்படும்: அப்போதும் பாசிட்டிவ் என்றால் அவன் கிருமி தாங்கி, அந்த ஆறில் பெரும்பாலானவை வைரஸ்.

இனி உங்கள் 320. ஏ.எஸ்.ஓ. என்பது கிருமியை அளப்பதில்லை. அது வெளியிட்ட ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சுக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை அளக்கிறது. தொற்று வந்து ஒரு வாரம் கழித்துத்தான் அது ஏறத் தொடங்கும், 3 முதல் 5 வாரத்தில் உச்சம் தொடும், பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். 2 நாள் காய்ச்சலுக்கு அது ஏறியிருக்க வழியே இல்லை. 320 என்று இருந்தால் அது போன மாதமோ அதற்கு முன்போ வந்துபோன ஏதோ ஒரு தொற்றின் சுவடு. ரிப்போர்ட்டில் 200க்கு மேல் என்றாலே தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். அந்த 200 பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பொருந்தாத அளவு. அடிக்கடி ஸ்ட்ரெப் படும் வயதில், நம்மைப் போன்ற நெரிசலான ஊரில், 300ஐ ஒட்டிய அளவு ஆரோக்கியமான பிள்ளைகளிடமே சாதாரணம். ஏ.எஸ்.ஓ.வுக்கு உரிய இடம் வேறு. ஒரு மூட்டு வீங்கி, அது அடங்கும்போது இன்னொன்று வீங்குவது, இதயத்தில் புதிதாக முணுமுணுப்புச் சத்தம், கைகால் தானாக வெட்டி இழுக்கும் கொரியா போன்ற ருமாட்டிக் காய்ச்சல் அறிகுறிகள் இருக்கும்போது, முன்பு ஸ்ட்ரெப் வந்ததற்குச் சாட்சியாக அதைக் கேட்பார்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் குழந்தையை இழுத்தடிப்பது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. அந்த ஊசி, ருமாட்டிக் காய்ச்சல் வந்தது உறுதியான பிள்ளைகளுக்கு உயிர்க்கவசம். மற்றவர்களுக்கு வெறும் வலி. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் இன்னொரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வெள்ளணு எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை இரண்டும் கூட இங்கே பெரிதாக உதவாது. அடினோ வைரஸில் அவையும் எகிறும்.

மருந்து இன்றே தொடங்காவிட்டால் ஆபத்தா என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. இல்லை. நோய் தொடங்கி 9 நாளுக்குள் பென்சிலின் போனால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். 1950களில் அமெரிக்காவின் வயோமிங்கில் வாரன் விமானப்படைத் தளத்து இளம் வீரர்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. குழந்தைகளிடம் அப்படியே திருப்பிச் செய்து பார்த்தது இல்லை என்றாலும், உலகம் முழுக்க இதை வைத்துத்தான் நடக்கிறோம். கல்ச்சருக்கு 2 நாள் காத்திருப்பதால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை.

அக்கா சொல்வது சரியா, டாக்டர் செய்தது சரியா என்றால், இங்கே அறிவியல் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவில் டெஸ்ட் எடுத்துப் பாசிட்டிவ் வந்தால்தான் ஆண்டிபயாடிக். இங்கிலாந்தில் வழக்கமாக டெஸ்டே எடுப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து, பெரும்பாலானவர்களுக்கு மருந்தில்லாமலே விடுகிறார்கள். 2022 டிசம்பரில் குரூப் ஏ தொற்று அங்கே அதிகமானபோது மட்டும் அந்த வரம்பைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். ருமாட்டிக் காய்ச்சல் அங்கே ஏறக்குறைய மறைந்துவிட்டதால் அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். நம் ஊரில் நோய் இருக்கிறது, அட்டை டெஸ்ட் எல்லாக் கிளினிக்கிலும் இல்லை, 2 நாள் கழித்து வாருங்கள் என்றால் எல்லாராலும் வர முடிவதில்லை. சளி இருமல் இல்லாமல், கழுத்தில் வலிக்கும் நெறியோடு, டான்சிலில் படிவோடு வந்த 6 வயதுக் குழந்தைக்கு டெஸ்ட் இல்லாமலே மருந்து எழுதுவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குழந்தைக்கு எழுதியிருந்தால் தவறு என்பேன்.

ஆனால் எழுதிய மருந்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். ஸ்ட்ரெப்புக்கு முதல் மருந்து பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாள். இத்தனை பத்தாண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கிருமிக்குப் பென்சிலின் வேலை செய்யாமல் போனதில்லை. அசித்ரோமைசினுக்கு அந்த நற்பெயர் இல்லை, எதிர்ப்பு வளர்ந்துகொண்டே வருகிறது. பென்சிலின் அலர்ஜி உண்மையிலேயே இருந்தால்தான் அதற்குப் போவது. அப்போதும் கிலோவுக்கு 12 மில்லிகிராம் வீதம் 5 நாள் என்பதுதான் அளவு. கிலோவுக்கு 10 வீதம் 3 நாள் என்றால் மொத்தத்தில் பாதிதான் போகிறது. டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ‘இவனுக்கு அலர்ஜி எதுவும் இல்லை சார், அமாக்சிசிலின் கொடுக்கலாமா, ஸ்வாப் எடுக்கலாமா’ என்று கேட்டால் போதும். அமாக்சிசிலின் கணக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதிகபட்சம் 1000. உங்கள் மகனுக்கு 20 கிலோ என்றால் நாளைக்கு 1000 மில்லிகிராம். 5 மில்லியில் 250 உள்ள சிரப்பில் காலை 10 மில்லி, இரவு 10 மில்லி. டாக்டர் எழுதுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இதைச் சொல்கிறேன், நீங்களே வாங்கிக் கொடுக்க அல்ல. இந்தக் கணக்கில் 60 மில்லி பாட்டில் 3 நாளில் தீர்ந்துவிடும். காய்ச்சலும் அதற்குள் விட்டிருக்கும். பாட்டிலும் காலி, காய்ச்சலும் இல்லை, பத்து நாள் மருந்து மூன்று நாளோடு நிற்பது இப்படித்தான். 10 நாளுக்கு 200 மில்லி வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் கலந்த சிரப் பெரும்பாலும் 7 நாள்தான் தாங்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம். ஒன்று தீரும்போது அடுத்ததைக் கலக்குங்கள். 10 நாள் கொடுக்க முடியாத வீட்டுக்கு, தொடையில் ஒரே ஒரு பென்சாதின் பென்சிலின் ஊசி போதும். 27 கிலோவுக்குக் கீழே 6 லட்சம் யூனிட். மேலே சொன்ன 21 நாள் ஊசியும் இதே மருந்துதான், இங்கே ஒருமுறை மட்டும்.

மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆனதும், காய்ச்சலும் விட்டிருந்தால், பள்ளிக்கு அனுப்பலாம். உண்மையில் ஸ்ட்ரெப்பாக இருந்தால் 2 நாளில் தெளிவான மாற்றம் தெரியும். 3 நாள் அமாக்சிசிலினுக்குப் பிறகும் காய்ச்சல் அப்படியே அடித்தால், மருந்தை மாற்றுவதற்கு முன் நோயை மறுபடி யோசிக்க வேண்டும்: வைரஸோடு வந்த கிருமி தாங்கியா, சீழ்க்கட்டியா, அல்லது வேறு காய்ச்சலா? வலிக்குப் பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒருமுறை. டெங்கு சுற்றிக்கொண்டிருக்கும் மாதத்தில் இப்யூப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

சில அடையாளங்கள் தென்பட்டால் ஸ்வாப், கல்ச்சர் என்று நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வடிய விடுவது, வாயில் சூடான கவளத்தை வைத்துக்கொண்டு பேசுவது போல் குரல் மாறுவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, உள்நாக்கு ஒரு பக்கம் ஒதுங்குவது, கழுத்தைத் திருப்ப மறுப்பது, மூச்சிழுக்கும்போது சத்தம். இந்த நிலையில் ஸ்பூனை வைத்து நாக்கை அழுத்திப் பார்க்கவே கூடாது. இன்னொன்றையும் நாம் மறந்துவிடக்கூடாது, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா). டான்சிலைத் தாண்டி அண்ணம் வரை பரவும் சாம்பல் நிறத் தோல் போன்ற படலம், தொட்டால் ரத்தம் கசியும், கழுத்து மாட்டுக் கழுத்து போல வீங்கும், காய்ச்சல் மட்டும் அவ்வளவாக இருக்காது. தமிழ்நாட்டில் அது அரிதானாலும் அற்றுப்போகவில்லை. சாதாரணத் தொண்டைக் கல்ச்சரில் அது தெரியாது. லேபிடம் தனியாகச் சொல்லித் தேடச் சொல்ல வேண்டும். அதற்கு ஆண்டிபயாடிக் மட்டும் போதாது, நச்சுமுறி மருந்து தேவை. உங்கள் மகனின் தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் இதற்கு எதிராகப் போட வேண்டிய டி.பி.டி. ஊக்கத் தவணைகள் இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும் பரபரப்பில் அந்த 5 வயது ஊசிதான் பல வீடுகளில் விடுபடுகிறது.

நாளைக் காலையில் என்ன செய்வது என்றால், முதலில் சளி, இருமல், குரல், கண், வாய்ப்புண் ஐந்தையும் பாருங்கள். இரண்டு இருந்தால் பாரசிட்டமால், தண்ணீர், கஞ்சி, ஓய்வு. 2 நாள் பொறுங்கள். ஒன்றும் இல்லை என்றால் மருந்துக்கு முன் ஸ்வாப். லேபுக்குப் புறப்படுமுன் போன் செய்து, ஸ்ட்ரெப் டெஸ்ட் என்று சொல்லாமல், ‘தொண்டை ஸ்வாப், குரூப் ஏ ஸ்ட்ரெப் கல்ச்சர்’ என்றே கேளுங்கள். அருகில் எங்கும் இல்லை என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நுண்ணுயிரியல் துறையில் செய்வார்கள். ரிப்போர்ட் பாசிட்டிவாக வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த 3 வாரம் அவன் சிறுநீரை ஒரு பார்வை பாருங்கள். கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, காலையில் எழும்போது கண் இமை வீங்கியிருந்தாலோ, சிறுநீரும் ரத்த அழுத்தமும் அன்றைக்கே பரிசோதிக்க வேண்டும். ஸ்ட்ரெப்புக்குப் பின்னால் வரும் சிறுநீரக அழற்சியாக அது இருக்கலாம். அதை ஆண்டிபயாடிக் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.